இளைப்பவர் இழப்பது யாது?

திருச்சுழி, நரிக்குடிப் பக்கங்களில் மழை பொய்த்த ஆண்டுகளை நினைவிற்கொண்டோரிடம், மிகுதியாக உண்டு பருத்தலும் ஒரு நோயே எனக் கூறின் நகைப்பர். ஆயினும் கம்பும் குதிரைவாலியும் உண்ட இல்லங்களில் மூன்று வேளையும் அரிசிச் சோறே பரிமாறப்படும் இக்காலத்தில், ஸ்தூல சரீரமும் நீரிழிவும் சிற்றூர்களை விட்டுவைக்கவில்லை. உடம்பை இளைக்கச் செய்யும் ஊசிகளைப் பற்றிய பேச்சும் அவற்றின் பின்னே வந்துவிட்டது. ஆதலின் இளைப்பவர் இழப்பது கொழுப்போ, தசையோ என ஆராய்தல் தகும்.

ஆகாரம் குறைந்தவிடத்து உடல் தன் கொழுப்பை மட்டும் எரிப்பதன்று. மூளைக்கு வேண்டும் சர்க்கரையின் பொருட்டுத் தசையிலுள்ள புரதமும் சிதைகின்றது. அதன் நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரிற் கழிகின்றது. நைட்ரஜன் 1 கிராம் கழியின் 6.25 கிராம் புரதம் அழிந்ததென்பது கணக்கு. உண்டதைக் காட்டிலும் நாளொன்றுக்கு 8 கிராம் நைட்ரஜன் மிகுதியாகக் கழியுமாயின், 50 கிராம் புரதம் போயிற்று; தசையில் ஐந்திலொரு பங்கே புரதமாதலின், அஃது ஏறத்தாழ 250 கிராம் தசைக்கு ஈடாகும். கடும்பட்டினியின் முதல் வாரத்தில் தராசு காட்டும் பெருங்குறைவைக் கண்டு மகிழ்வோர் இதனை அறியார். நாட்கள் செல்லச் செல்ல மூளை கொழுப்பினின்று பிறக்கும் கீட்டோன்களை ஏற்கப் பழக, இவ்விழப்புத் தணியும்.

இவ்விடத்தேதான் ஹார்மோன்களின் செய்தி வருகின்றது. 1891-ஆம் ஆண்டில் ஜார்ஜ் மர்ரே என்னும் ஆங்கில மருத்துவர் ஆட்டின் தைராயிடுச் சாற்றால் தைராயிடுக் குறைநோயைக் குணப்படுத்தினார். பின்னர்ப் பருத்தோர்க்கும் அதனைக் கொடுக்கலாயினர். பட்டினியில் தைராயிடின் செயலாற்றும் ஹார்மோன் குறைவது உடலின் சிக்கனமே. அதனை மருந்தாற் கெடுத்தால் நைட்ரஜன் இழப்பு மிகுவதை ஆராய்ச்சியாளர் கண்டனர். வளர்ச்சி ஹார்மோனோ இழப்பைக் குறைத்தது. எனினும் சில வாரங்களில் அப்பயன் தேய்ந்தது. எடையும் விரைந்து குறைந்திலது.

நம் நாட்டோடு தொடர்புடைய கதையும் ஒன்றுண்டு. இந்தியாவில் பல்லாண்டு மருத்துவம் செய்து பின் உரோமாபுரியில் வாழ்ந்த சிமியோன்ஸ் என்பார், கருவுற்ற பெண்டிரின் சிறுநீரிற் கிடைக்கும் ஹார்மோனை நாள்தோறும் ஊசியாற் செலுத்தி, 500 கலோரி ஆகாரம் மட்டும் தரின் பசியின்றி இளைக்கலாமென 1954-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். மருந்தில்லா நீரை ஊசியாகப் பெற்றோரும் அவ்வளவே இளைத்தனர் என்பதே பின்வந்த சோதனைகளின் முடிபு. 24 ஆய்வுகளைத் திரட்டி 1995-இல் வெளிவந்த மதிப்பீடும் அதனையே கூறிற்று. இளைக்கச் செய்தது 500 கலோரியே. புகழ் பெற்றதோ ஊசி!

குடல் ஹார்மோனைப் போன்ற செமக்ளூடைடு இவ்வினத்ததன்று. 2021-இல் வெளியான பெருஞ்சோதனையில் 68 வாரங்களிற் சராசரி 14.9 விழுக்காடு எடை குறைந்தது. போலி மருந்து பெற்றோர்க்கு 2.4 விழுக்காடே. ஆயினும் சிலரை அளந்தவிடத்து, இழந்ததில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கொழுப்பல்லாத பகுதி. நீரும் அதனுள் அடங்கும்.

தசையைக் காப்பன போதிய புரதமும் பளு தூக்குதல் போன்ற பயிற்சியுமாம். சிறுநீரக நோயில்லாதார்க்கு இளைக்குங்காலத்து எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்பர். 70 கிலோ எடையுள்ளார்க்கு 84 கிராம். துவரம்பருப்பு 100 கிராமில் 22 கிராமளவும், முட்டையொன்றில் 6 கிராமும் உண்டு. சாம்பாரின் தெளிவை மட்டும் ஊற்றிக்கொள்வோர்க்கு இக்கணக்கு ஒருபோதும் நிறையாது.