எனக்கு ‘ஈஸ்னோபீலியா’ இருக்கிறதா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 44. திருவாரூர் பக்கம் சொந்த வயல். நடவு, களையெடுப்பு எல்லாவற்றுக்கும் நானே இறங்குவேன். சின்ன வயதிலிருந்தே காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல். ‘உனக்கு ஈஸ்னோபீலியா’ என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே வளர்ந்தேன். போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈஸ்னோபில் 9 சதவீதம் என்று தடித்த எழுத்தில் வந்திருந்தது. மொத்த வெள்ளை அணுக்கள் 5,200. இரண்டு வருடம் முன்பு, இளைப்புக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இதே பரிசோதனையில் வெறும் 1 சதவீதம்தான் இருந்தது. குணமானது திரும்பி வந்துவிட்டதா? தயிர், வாழைப்பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன்.

பதில்: தயிரையும் வாழைப்பழத்தையும் மறுபடி ஆரம்பியுங்கள் அம்மா. அவை ஒத்துக்கொள்ளாத உடம்பு என்றால் சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே அரிப்போ தடிப்போ காட்டியிருக்கும்.

அடுத்து ஒரு சின்னப் பெருக்கல். 5,200இல் 9 சதவீதம், 468. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் உங்களுக்கு இருக்கும் ஈஸ்னோபில் என்ற வகை வெள்ளை அணுக்கள் அவ்வளவுதான். பெரியவர்களுக்கு 500 வரை இயல்பு என்றே பெரும்பாலும் கொள்கிறோம். சில லேப்கள் 440 என்று எல்லை வைத்திருக்கும். உங்கள் தாளில் தடித்து வந்தது சதவீதம். அது ஏமாற்றும். மொத்தம் 12,000 உள்ள ஒருவருக்கு 6 சதவீதம் என்றால் தாளில் எந்தத் தடிப்பும் இல்லாமல் போகலாம்; ஆனால் அவருக்கு இருப்பது 720. அடுத்த முறை ‘ஏ.இ.சி.’ எவ்வளவு என்று கேளுங்கள். அதுதான் நேரடி எண்ணிக்கை.

468 இயல்புக்குள் என்றாலும் மேல்படியில் நிற்கிறது. ஆஸ்திரியாவில் பொதுமக்களிடம் நடத்தி 2020இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களின் நடு அளவு 100ஐ ஒட்டித்தான் இருந்தது. ஆண்களுக்குச் சற்றுக் கூடுதல். ஒவ்வாமை, ஆஸ்துமா, புகைப்பழக்கம், உடல் பருமன் இருந்தவர்களுக்கு இன்னும் கூடுதல். உங்கள் காலைத் தும்மலும் இளைப்பும் ஒவ்வாமையின் சாயலில் இருக்கின்றன. இந்த எண்ணுக்கு அதுவே போதிய காரணமாக இருக்கலாம். ரத்தம் எடுத்த நேரத்தையும் பாருங்கள். உடம்பில் கார்ட்டிசால் சுரப்பு உச்சத்தில் இருக்கும் காலை வேளையில் ஈஸ்னோபில் குறைவாகவும், இரவில் கூடுதலாகவும் இருக்கும்.

அந்த 1 சதவீதத்துக்கு வருகிறேன். இளைப்புக்குத் தந்தது ஸ்டீராய்டு மாத்திரையாக இருந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். அது உள்ளே போன சில மணி நேரத்திலேயே ஈஸ்னோபில் ரத்தத்தை விட்டு ஒதுங்கிவிடும், நிறுத்தினால் திரும்பிவிடும். ஆகவே அன்று குணமாகவும் இல்லை, இன்று திரும்பி வரவும் இல்லை. கடுமையான காய்ச்சலிலும் இப்படி இறங்கும். டைபாய்டில் ஈஸ்னோபில் கண்ணுக்கே தட்டுப்படாமல் போவது மருத்துவர்களுக்கு ஒரு துப்பு.

‘ஈஸ்னோபீலியா’ என்பது ஓர் எண் கூடியிருப்பதைச் சொல்லும் சொல். நோயின் பெயர் இல்லை. நம் ஊரில் அது தும்மலுக்கே பெயராக ஒட்டிக்கொண்டதற்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று தோன்றுகிறது. அன்றைய சென்னை மாகாணத்து மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையில், எக்ஸ்ரேயில் காசம் போலவே நிழல் தெரிந்த சிலருக்குக் காசக் கிருமி இல்லை. ரத்தத்தில் ஈஸ்னோபில் மட்டும் ஏராளம். 1940இல் பிரிமோட்-மோலர், பார்ட்டன் என்ற மருத்துவர்கள் இதை எழுதினார்கள். 1943இல் வைன்கார்ட்டன் என்ற மருத்துவர் இதற்கு ‘டிராபிக்கல் ஈஸ்னோபீலியா’ என்று பெயர் வைத்தார். 1960இல் வேலூர் மருத்துவர்கள் அத்தகைய நோயாளிகளின் நுரையீரலில் யானைக்கால் புழுவின் குஞ்சுகளைக் கண்டுகாட்டினார்கள். நள்ளிரவில் விடாத வறட்டு இருமலும், பெரும்பாலும் 3,000க்கு மேல் ஏறிய எண்ணிக்கையும் அந்த நோயின் அடையாளம். உங்கள் 468 அதன் பக்கத்தில்கூட வராது.

எனக்குக் கவலை தருவது, வெறுங்காலோடு வயலில் இறங்கினால் என்ன ஆகும் என்பதுதான். கொக்கிப்புழுவும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற நூல் போன்ற புழுவும் மண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்து உள்ளே போகின்றன. இரண்டாவது புழு உடம்புக்குள்ளேயே பெருகிப் பல்லாண்டு தங்கக்கூடியது. ஈஸ்னோபில் சற்றே கூடியிருப்பதைத் தவிர வேறு தொந்தரவே தராமலும் இருக்கும். அந்த நிலையில் ஸ்டீராய்டு கொடுத்தால் புழு கட்டுமீறிப் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். வழக்கமாக ஒரே வேளை போடும் பூச்சி மாத்திரை இதற்குப் போதாது, ஐவர்மெக்டின் வேண்டும். ஒரு தடவை மலம் பார்த்து ‘இல்லை’ என்றாலும் நம்பிவிட முடியாது. எதிரணு காணும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

ஈஸ்னோபில் எண்ணிக்கை 1,500க்கு மேல் இரண்டு முறை வந்தால், அல்லது எடை குறைவு, பாத மரப்பு, நெஞ்சுவலி சேர்ந்தால், தள்ளிப்போடாமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலிப்பு, யூரிக் அமில மாத்திரைகளைப் புதிதாகத் தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலும் தோல் தடிப்பும் வந்தால் அன்றைக்கே.

நீங்கள் அந்தப் பழைய மருந்துச் சீட்டைத் தேடி எடுத்து, வயலில் வெறுங்காலோடு இறங்குபவர் என்றால் அதையும் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். இளைப்புக்கு அடுத்த மாத்திரை எழுதும் முன் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழுவுக்கான பரிசோதனையைச் செய்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.