மாஞ்சோலைக் கல்லில் இருப்பது முட்டையா, மணியா?

கேள்வி: ஐயா, எங்கள் குடும்பத்தார் மூன்று தலைமுறையாக மாஞ்சோலை மலையில் தேயிலை பறித்தவர்கள். இப்போது கீழே விக்கிரமசிங்கபுரத்தில் குடியிருக்கிறோம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊத்து எஸ்டேட் ஓடையில் அப்பா எடுத்துத் தந்த இரண்டு கற்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒன்றில் மிளகிலிருந்து புளியங்கொட்டை அளவு வரை கருஞ்சிவப்பு உருண்டைகள் பதிந்திருக்கின்றன. ஏதோ பிராணியின் முட்டை கல்லாகிவிட்டது என்கிறான் என் மகன். இன்னொன்றின் உடைந்த முகத்தில் பெரணி இலை போலக் கறுப்பாக ஒரு படம். இவை புதைபடிவங்களா, வெறும் கனிமமா? வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: இரண்டுமே புதைபடிவம் இல்லை. கல்லைக் கையில் வாங்கிப் பார்க்காமலே இவ்வளவு துணிந்து சொல்வதற்குக் காரணம், நீங்கள் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர். ஊத்து மலையுச்சியை ஒட்டிய இடம். அங்கே ஓடையில் கிடக்கும் கல் அதற்கும் மேலேயுள்ள பாறையிலிருந்துதான் உருண்டு வந்திருக்க வேண்டும். அந்தப் பாறை என்ன என்பது நமக்குத் தெரியும்.

மணிமுத்தாற்றுக்கு மேலேயுள்ள மலைகள் பெரும்பாலும் சார்னோக்கைட், கோண்டலைட், பட்டைப்பாறை ஆகியவற்றால் ஆனவை. சென்னைப் பல்லாவரத்துக் குன்றுகளும் சார்னோக்கைட்தான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடக்கும் கல்லை ஆராய்ந்த ஹாலந்து என்ற நிலவியலாளர், 1893-இல் சார்னாக்கின் பெயரையே இப்பாறைக்குச் சூட்டினார். மாஞ்சோலைப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமிக்கடியில் 20 கிலோமீட்டர் அளவுக்கு ஆழத்தில், 700 டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் வெந்து, அழுந்தி, உருமாறியவை. மேலே கிடந்ததெல்லாம் தேய்ந்து கரைந்த பிறகே அவை வெளிச்சத்துக்கு வந்தன. அந்த வெப்பத்தில் எந்த ஓடும் எலும்பும் வடிவம் தப்பியிருக்காது. காலக் கணக்கும் இடிக்கிறது: 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியில் பெரணியும் இல்லை, முட்டையிடும் பல்லியும் பாம்பும் இல்லை.

அப்படியானால் அந்தச் சிவப்பு உருண்டைகள்? கார்னெட் மணிகள். பாறை வெந்தபோது அதற்குள்ளேயே வளர்ந்தவை. லென்ஸ் வைத்துப் பாருங்கள். உருண்டையாகத் தோன்றினாலும், சிதையாத மணி ஒன்றிரண்டில் தட்டையான முகங்கள் தெரியும். முழுமையாக வளர்ந்த மணிக்குப் பெரும்பாலும் பன்னிரண்டு முகம் இருக்கும். உடைந்த இடம் கண்ணாடிபோல மினுங்கும். பேனாக்கத்தியால் கீறினால் கீறல் விழாது. முட்டையாக இருந்தால் உள்ளும் புறமும் ஒரே பொருளாக இராது. வெளியே மெல்லிய ஓடும், அதில் நுண்துளைகளும் தெரிய வேண்டும். இந்த மலைத்தொடரிலிருந்து ஆறுகள் அரித்துக்கொண்டு போகும் கார்னெட் துகள்கள்தாம் நம் தென்கடற்கரையில் செந்நிற மணலாக ஒதுங்குகின்றன. ஜோசியர்கள் சொல்லும் கோமேதகமும் இதே குடும்பம்.

முட்டை விஷயத்தில் உங்கள் மகன் ஏமாந்ததில் வியப்பில்லை. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தபோது, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. நிலவியலாளர்கள் பார்த்து, கடற்படிவில் அம்மோனைட்டுகளோடு (சுருள் ஓடுள்ள பழங்காலக் கடலுயிர்கள்) உருவான கல்லுருண்டைகள் என்றார்கள். பக்கத்து அரியலூர் மாவட்டத்திலோ உண்மையான டைனோசர் முட்டைகளே கிடைத்திருக்கின்றன. உருண்டையாக இருப்பது மட்டும் சாட்சி ஆகாது.

பெரணிப் படம் மாங்கனீசு ஆக்சைடு. பாறை விரிசலில் கசிந்த நீர் அந்தக் கறுப்பைக் கிளைகிளையாகப் படியவிட்டிருக்கிறது. உண்மையான இலையில் நடுநரம்பு ஓடும், அதிலிருந்து பக்க நரம்புகள் ஒழுங்காகப் பிரியும். உங்கள் கல்லில் நரம்பே இராது. கிளைகள் விரிசலின் விளிம்பிலிருந்து உள்ளே பரவியிருக்கும்.

வீட்டுச் சோதனைகள் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கல்லின் மேல் எலுமிச்சைச்சாறு விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பார்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு, அவ்வளவுதான். பழைய கிளிஞ்சலும் நுரைக்கும், எந்த உயிரின் உடலும் இல்லாத சுக்கான்கல்லும் நுரைக்கும். கண்ணாடியைக் கீறுவதும் அப்படியே. திருவக்கரைக் கல்மரம் மரமாக நின்றதுதான். ஆனால் இன்று அது முழுக்கச் சிலிக்கா, உங்கள் கார்னெட்டைப் போலவே கண்ணாடியைக் கீறும். ஆகவே 'புதைபடிவமா, கனிமமா' என்று இரண்டாகப் பிரிக்க முடியாது. புதைபடிவத்தின் உடம்பே பெரும்பாலும் கனிமம்தான். சோதனைகள் கல் எதனால் ஆனது என்று சொல்லும், உயிரோடு இருந்ததா என்று சொல்லாது. அதைச் சொல்வது அமைப்பு. கல்மரத்தில் நார்ப்போக்கும் நுண்குழாய்களும், எலும்பில் உள்ளே சல்லடைத் துளைகளும் இருக்கும். பூஜையறைச் சாளக்கிராமத்தில் சுருளும், அதில் ஒரே கணக்கில் திரும்பத் திரும்ப வரும் வரிகளும் தெரியும். கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தச் சுருள் ஓர் அம்மோனைட். வளர்ந்த உடம்புக்கு உரிய ஒழுங்கு தெரிகிறதா என்று தேடுங்கள்.

அதற்கும் முன்னால் கல் எந்த ஊருடையது என்று கேளுங்கள். அரியலூரில் கிடைத்த கல்லென்றால் நம்பிக்கையோடு தேடலாம். பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளக் கல்மரமே கிடக்கிறது. சந்தேகம் தீராத கல்லைத் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி நிலவியல் துறையில் காட்டலாம். ஆனால் மாஞ்சோலை இப்போது புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்து இனிமேல் கல் எடுத்து வராதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்தால் போதும்.

கார்னெட் கல்லில் இன்னொன்றையும் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பளபளக்கும் மெல்லிய செதில்கள் இருக்கின்றனவா? காகிதத்தில் தேய்க்கும்போது பென்சில் கோடு விழுந்தால் அது கிராஃபைட். முன்பு சொன்ன மலைப்பாறைகளில் ஒன்றான கோண்டலைட் ஒரு காலத்தில் கடலடிச் சேறு. தென்னிந்தியக் கோண்டலைட்டில் சில இடங்களில் கிடைக்கும் கிராஃபைட்டின் கார்பனை ஆராய்ந்தவர்கள், அது அந்தச் சேற்றில் மக்கிய நுண்ணுயிர்களிலிருந்து வந்தது என்கிறார்கள். வடிவம் எரிந்துபோய்க் கார்பன் மட்டும் தங்கியிருக்கிறது. கோடு விழுந்தால் எழுதுங்கள்.