சதாவதானமும் மாணவர் உறக்கமும்

இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களில் கவனம் நிறுத்திச் சதாவதானி எனப் புகழ்பெற்றார். இஃது அருஞ்செயலே, மாயமன்று. மூளை ஒரே நொடியில் பலவற்றைச் சிந்திப்பதில்லை. கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு விரைந்து மாற்றுகிறது. விட்ட இடத்தை மறவாது மீண்டும் பற்றுவதே அவதானியின் பயிற்சி.

ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ள இவ்வுறுப்பு உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. உறங்கும்போதும் அது ஓய்வதில்லை. பகலில் கற்றவற்றை, கடற்குதிரை வடிவினதாகிய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி முதலில் ஏற்கிறது. உறக்கத்தின்போது அவை பெருமூளைப் புறணியில் பெரிதும் நிலைபெறுகின்றன.

பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பெரம்பலூர், அரியலூர்ச் சிற்றூர்களிலிருந்து முதல் பேருந்தில் வரும் நம் மாணவருள் பலர், தேர்வுக்கு முன்னிரவு முழுதும் கண்விழித்துப் படிக்கின்றனர், காலையுணவையும் விடுகின்றனர். தேநீர் உறக்கத்தைத் தள்ளிப்போடுமேயன்றி அதன் பணியைச் செய்யாது. விடிய விடியப் படித்தது வினாத்தாளைக் கண்டதும் நழுவுவதற்கு ஊழைப் பழித்துப் பயனென்ன?

பெற்றோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு: பத்து மணிக்கு விளக்கை அணைத்தல். மற்றொன்று, சிமெண்ட் லாரிகள் ஓயாத அரியலூர்ச் சாலையில் மகன் வண்டியெடுக்கும்போது, தலைக்கவசம் பெட்ரோல் டாங்கின்மேல் இருக்கிறதா, தலைமேல் இருக்கிறதா என்று பார்த்தல்.