காலாங்கில் இரண்டு ஓட்டங்கள்

2015ஆம் ஆண்டு ஜூன் 10. காலாங்கில் உள்ள தேசிய விளையாட்டரங்கில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. பெண்களுக்கான 200 மீட்டர் இறுதிச்சுற்றில் சிங்கப்பூரின் சாந்தி பெரேரா ஓடத் தயாராக நின்றார். சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளியில் பயின்ற அவருக்கு அப்போது வயது 18.

200 மீட்டர் ஓட்டம் வளைவில் தொடங்கும். ஒவ்வொரு தடத்திலும் தொடக்கக் கோடு வெவ்வேறு இடத்தில் இருக்கும். அதனால் வளைவைக் கடந்து நேர்த்தடத்துக்கு வரும்வரை யார் முந்துகிறார் என்பது ஓடுபவருக்கே சரியாகத் தெரியாது. அன்று சாந்தி 23.60 விநாடியில் எல்லைக்கோட்டைக் கடந்து தங்கம் வென்றார். அது புதிய தேசியச் சாதனை. அரங்கில் இருந்தவர்கள் மட்டுமல்லர், வீட்டில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தவர்களும் தங்கள் வீட்டுப் பிள்ளையே வென்றதுபோல் பூரித்தனர்.

அந்த மகிழ்ச்சிக்கு 42 ஆண்டுக் காத்திருப்பு இருந்தது. 1973இல் இதே காலாங்கில், அப்போது புதிதாகத் திறக்கப்பட்டிருந்த பழைய தேசிய விளையாட்டரங்கில், குளோரி பர்னபாஸ் இதே 200 மீட்டரில் தங்கம் வென்றிருந்தார். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே ஓடியவர் அவர். அவரும் பர்மிய வீராங்கனை தான் தானும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கோட்டைத் தொட்டதால், நிழற்படத்தைப் பார்த்துத்தான் நடுவர்கள் முடிவு சொன்னார்கள். பின்னாளில் அந்த அரங்கம் இடிக்கப்பட்டு, அங்கேயே புதிய அரங்கம் எழுந்தது. ஆனால், அந்தத் தங்கத்துக்கு அடுத்த தங்கம் மட்டும் வரவில்லை.

சாந்தியின் கதை 2015இல் முடிந்திருந்தால் கேட்க இனிமையாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு நடந்ததையும் அறிந்துகொள்ள வேண்டும். காயங்கள் தொல்லை கொடுத்தன. 2017, 2019 ஆகிய இரண்டு போட்டிகளிலும் அவருக்குத் தங்கம் கிட்டவில்லை. விளையாட்டு உதவித்தொகையும் கைவிட்டுப் போனது. ஆரவாரம் செய்த கூட்டம் கலைந்துவிட்டது. பயிற்சி மட்டும் தொடர்ந்தது. பதினெட்டு வயதில் நாடே கொண்டாடிய ஒருவருக்கு, இருபதுகளில் ‘இனி முடியுமா?’ என்ற கேள்வியோடு தடத்தில் இறங்குவது எளிதன்று.

2022 மே மாதம் ஹனோயில் அவர் மீண்டும் 200 மீட்டரில் தங்கம் வென்றார். நேரம் 23.52 விநாடி. ஏழு ஆண்டு உழைப்பில் குறைந்தது 0.08 விநாடி. கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது! ஆனால், அதன்பின் வேகம் கூடியது. 2023 மே மாதம் புனோம் பென்னில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். 200 மீட்டரை அவர் கடந்தது 22.69 விநாடியில்.

அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் 200 மீட்டர் தங்கமும் சாந்திக்கே கிடைத்தது. ஆசியப் போட்டியின் திடல்தடப் பிரிவில் சிங்கப்பூருக்கு 49 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தங்கம் அது. அதற்கு முந்தைய தங்கத்தை 1974இல் தெஹ்ரானில் 400 மீட்டரில் வென்றவர் சீ ஸ்வீ லீ. அதே தெஹ்ரானில், அவரோடு 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற நால்வருள் ஒருவர் ஆசிரியர் குளோரி பர்னபாஸ். அவர் எழுபது வயதைக் கடந்த பின்னும் மூத்தோர் போட்டிகளில் ஓடினார்.