வீட்டிலிருந்தே டிசைன் வேலை: பட்டுக்கோட்டைக்குச் சில குறிப்புகள்

முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் 3டி பிரிண்டரும் வைத்துக்கொண்டு, புதுப் பொருள்களுக்கு வடிவம் செய்து கொடுத்துத் தனியாளாகப் பிழைப்பவர்களுக்கு இவை.

1. "மாடலை அனுப்புங்க தம்பி, பாத்துட்டுப் பேசிக்கலாம்" என்பார் நார் மில் முதலாளி. படத்தை மட்டும் அனுப்புங்கள். அளவுகள் உள்ள ஃபைல், பாக்கி கைக்கு வந்த பிறகு. எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதை அட்வான்ஸ் வாங்கும்போதே வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். வாய்ச்சொல்லுக்கு நம் ஊரில் மரியாதை உண்டுதான். ஆறாவது திருத்தம் வரும்போது அது யாருக்கும் நினைவிருக்காது.

2. புதிய வடிவத்தை இன்ஸ்டாகிராமில் போட அவசரப்படாதீர்கள். 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி, ஏற்கெனவே ஊரறியக் காட்டிவிட்ட வடிவத்தைப் பதிவு செய்ய முடியாது. முதலில் விண்ணப்பம், அப்புறம்தான் போட்டோ. பதிந்தால் 10 ஆண்டு பாதுகாப்பு. கட்டணம் கட்டி நீட்டித்தால் இன்னும் 5. பதியாமல் விட்டுவிட்டு, மெஷினில் 50 உருப்படிக்கு மேல் போட்டுவிட்டால் பதிப்புரிமைச் சட்டமும் கைவிட்டுவிடும். விண்ணப்பத்தை ஆன்லைனிலேயே போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். பலர் கவனிக்காத இன்னொன்றும் இதே சட்டத்தில் இருக்கிறது: காசு வாங்கிக்கொண்டு ஒருவருக்காகச் செய்த வடிவத்துக்கு உரிமையாளர் அவர்தான், நீங்கள் அல்ல. விற்கும் ஒவ்வொரு உருப்படிக்கும் ராயல்டி வேண்டுமா? அவர் ஒதுக்கிய மாடல்கள் உங்களிடமே இருக்க வேண்டுமா? வேலை தொடங்குமுன் எழுத்தில் வாங்குங்கள்.

3. அதிராம்பட்டினம் கடற்கரை பக்கத்திலேயே இருப்பதால் நம் காற்றில் ஈரம் அதிகம். பிரிண்டர் இழை அதை உறிஞ்சிக்கொள்ளும். அச்சாகும்போது பிரிண்டரின் மூக்கில் படபடவென்று சத்தம் வந்தால், நூல் நூலாகத் தொங்கினால், இழை நமத்துவிட்டது என்று அர்த்தம். இறுக்கி மூடும் பெரிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அரிசியில் புதைக்க வேண்டாம், தூசு ஒட்டும். பிஎல்ஏ இழையில் செய்த மாதிரியைப் பகல் வெயிலில் காருக்குள் விடாதீர்கள். 60 டிகிரி வாக்கில் இளகிக் கோணிக்கொள்ளும்.

4. தேங்காய் துருவியோ இளநீர் திறப்பானோ, எதைச் செய்தாலும் ஒரே காயில் சோதித்துவிட்டு நிறுத்தாதீர்கள். பெருங்காய், சிறுகாய், வற்றல் காய் எல்லாம் கலந்து வாங்கி வாருங்கள். கை எண்ணெயாக இருக்கும்போது பிடித்துப் பாருங்கள், ஈரக் கையாலும் பாருங்கள். பிறகு அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் நில்லுங்கள். "நல்லா இருக்குப்பா" என்ற பாராட்டால் பயனில்லை. கட்டைவிரல் எங்கே போகிறது, இடது கை எதைத் தேடுகிறது என்பதுதான் சேதி. 1958-ல் சார்ல்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் வியந்து எழுதியது நம் சொம்பைப் பற்றித்தான்: இடுப்பில் எப்படி உட்காரும், ஊற்றச் சாய்க்கும்போது எடை எங்கே போகும், கழுவ வசதியா என்றெல்லாம் யோசித்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான், 1961-ல், அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. நம் சமையலறை அதைவிடப் பழைய பள்ளிக்கூடம்.

5. ஃபெவிக்விக் விரலில் ஒட்டினால் இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு மெல்ல உருட்டிப் பிரியுங்கள். அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரும் எடுக்கும். ஆனால் அது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும், மாதிரியின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

6. உத்யம் பதிவு இலவசம். பிரௌசிங் சென்டரில் கேட்பது அவர்கள் கூலி. பதிந்த குறு, சிறு தொழிலுக்கு 45 நாளைக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. வேலையை ஒப்புக்கொள்ளுமுன்பே பதிந்து, பில்லில் எண்ணைப் போடுங்கள். வட்டி கேட்க வேண்டியே வராது, எண்ணைப் பார்த்தாலே பல கணக்குப் பிரிவுகள் அசையும்.

7. கம்பெனிகள் பிடித்த டிடிஎஸ் உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று 26ஏஎஸ் படிவத்தில் பாருங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தொடும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை.

8. மின்வாரியத்தின் பராமரிப்பு நாள் அறிவிப்பு வந்ததும் காலண்டரில் குறியுங்கள். பத்து மணி நேரம் ஓடும் பிரிண்டை அதற்கு முந்தின இரவில் போடாதீர்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும், போர் தண்ணீர் கூடாது. ஃபைல்களின் ஒரு பிரதி ஊருக்கு வெளியே இருக்கட்டும், கிளவுடிலோ திருச்சியில் அக்கா வீட்டிலோ. 2018 நவம்பர் 16 அதிகாலை வந்த கஜா புயல், தென்னந்தோப்புகளோடு மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டுப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

9. "வீட்ல சும்மாதானே இருக்கே, ரேஷன் கடைக்குப் போயிட்டு வா" என்பார்கள். காலை பத்து முதல் ஒன்று வரை கதவைச் சாத்திவிடுங்கள், மற்ற நேரத்தில் போய் வாருங்கள். பங்குனியில் நாடியம்மன் திருவிழா வாரத்தில் டெலிவரி தேதி கொடுக்கவே கொடுக்காதீர்கள். பெங்களூரு கிளையண்டிடம் மாசி மாதமே சொல்லிவைத்தால் ஒத்துக்கொள்வார்.