உடற்பயிற்சியில் சில மயக்கச் சொற்கள்

சென்ற ஜூன் மாதம் நம் விடுதியில் நிகழ்ந்த ஒரு சம்பவமே இக்கட்டுரைக்குக் காரணம். என் அறைத்தோழனின் தமக்கைக்கு ஆவணியில் திருமணம். அதற்குள் உடல் இளைக்க வேண்டுமென்று அவன் ஓர் உடற்பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தான். அங்கே கிடைத்த யோசனைப்படி, இந்தத் தில்லிக் கோடையில், காற்றுப் புகாத பிளாஸ்டிக் மேலங்கி அணிந்து ஓடலானான். ஓடி முடித்ததும் எடைக் கருவியில் ஏறி, “பார்த்தாயா, ஒன்றரைக் கிலோ போய்விட்டது!” என்று சொல்லி, அந்த எண்ணைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வைப்பான். தண்ணீரோ ஒரு மிடறுதான். குடித்தால் எடை திரும்பிவிடுமாம். ஒன்பதாம் நாள் மாலை மாடிப்படியில் மயங்கி விழுந்தான். மருத்துவமனையில் இரவு முழுவதும் உப்புநீர் ஏற்றினார்கள். மறுநாள் பார்த்தால், எடை பழையபடியே இருந்தது.

உயிர்வேதியியல் முதுகலை பயிலும் நான், எட்டு நாட்களும் அந்த நாட்காட்டியைப் பார்த்துச் சிரித்தேனேயன்றி, ஒரு வார்த்தை எடுத்துச் சொன்னேனில்லை. அக்குறையைத் தீர்க்கவே இதனை எழுதத் துணிந்தேன். தவறான சொல் தவறான அளவுகோலைத் தந்துவிடுகிறது; தவறான அளவுகோல் ஆளையே வீழ்த்திவிடுகிறது. அத்தகைய சொற்கள் மூன்றினை இங்கே ஆராய்வோம்.

1. “கொழுப்பு கரைகிறது”

பயிற்சிக்கூடத்தில் இந்தியில் “சர்பி பிகல் ரஹீ ஹை” என்பார்கள். கொழுப்பு உருகுகிறது என்பது அதன் பொருள். தமிழில் நாம் “கரைகிறது” என்கிறோம். இரண்டுமே அடுப்பில் வெண்ணெய் உருகும் காட்சியை மனக்கண்முன் கொண்டுவருகின்றன. ஆகவே உடல் சூடேற வேண்டும், உருகியது வியர்வையாய் ஒழுக வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது.

உண்மை யாதெனில், வியர்வை என்பது நீரும் சிறிது உப்புமே. உடலைக் குளிர்விப்பதே அதன் தொழில். தோலின்மேல் ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. பிளாஸ்டிக் அங்கிக்குள் அது ஆவியாக வழியில்லை; ஆதலின் குளிர்ச்சியுமில்லை. வியர்வை பெருகப் பெருக உடலின் நீர் குறைகிறது; வெப்பமோ ஏறிக்கொண்டே போகிறது. 1997-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், போட்டிக்காக எடையைக் குறைக்க வேண்டி, இத்தகைய அங்கி அணிந்து, நீரருந்தாமல், வெப்பத்தில் பயிற்சி செய்து உயிரிழந்தனர். அதன்பின் அங்குக் கல்லூரி மல்யுத்தத்தில் அவ்வங்கி தடை செய்யப்பட்டது.

அப்படியானால் கொழுப்பு எங்கே போகிறது? பெரும்பகுதி மூச்சில் போகிறது! கொழுப்பு பிராணவாயுவுடன் சேர்ந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறுகிறது. 2014-இல் மீர்மன், பிரௌன் என்னும் இருவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதன் கணக்கை வெளியிட்டனர். 10 கிலோ கொழுப்பில் 8.4 கிலோ கரியமில வாயுவாக வெளியேறுகிறது, எஞ்சிய 1.6 கிலோ நீராகிறது. இதற்காக உட்கார்ந்தபடியே வேகமாக மூச்சுவிட்டுப் பயனில்லை. தசைகள் வேலை செய்தால்தான் கொழுப்பு செலவாகும்.

என் தோழனின் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி உண்டு. ஒரு மணி நேர ஓட்டத்தில் 600 கிலோகலோரி செலவாகிறது என்று கொள்வோம். முழுவதும் கொழுப்பிலிருந்தே வந்தாலும் 80 கிராமுக்கும் குறைவுதான்! நாட்காட்டியில் ஏறிய 1,500 கிராமில் மற்றவை அனைத்தும் தண்ணீரே.

2. “லாக்டிக் அமில வலி”

புதிதாகப் பயிற்சி தொடங்கியவனுக்கு மறுநாள் கைகால் வலிக்கிறது. “லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது” என்கிறார்கள். களைத்த தவளைத் தசையில் இவ்வமிலம் மிகுவதை 1907-இல் பிளெட்சரும் ஹாப்கின்ஸும் காட்டினர். அன்றுமுதல் பழி அதன் தலையில் விழுந்தது. ஆனால் பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் லாக்டேட் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. வலியோ ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள்தான் உச்சம் அடைகிறது. மேலும், மலையேறுவதைவிட இறங்குவதில் லாக்டேட் குறைவாகவே உண்டாகிறது. வலி மட்டும் அதிகம். பழக்கமில்லாத வேலையால், அதிலும் நீண்டுகொண்டே பளு தாங்கும் தசைகளில், ஏற்படும் நுண்ணிய சிதைவும் அதனைத் தொடரும் அழற்சியுமே காரணம். லாக்டேட்டோ கழிவன்று, இதயமே அதனை எரிபொருளாகக் கொள்கிறது, கல்லீரல் அதனை மீண்டும் குளுக்கோஸ் ஆக்குகிறது.

இதை அறிவதால் என்ன பயன்? வலியைப் பயிற்சியின் மதிப்பெண்ணாகக் கொள்ளும் மயக்கம் நீங்கும். வலி தாங்கொணாததாகி, சிறுநீரும் கருந்தேநீர் நிறத்தில் போனால், அது வீரமன்று. தசை சிதைந்து சிறுநீரகத்திற்கு ஆபத்து நேர்ந்திருப்பதன் அறிகுறி. உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

3. “பத்தாயிரம் அடி”

இது கைக்கடிகாரங்களும் கைப்பேசிகளும் பரப்பிவரும் மந்திரம். இதன் பிறப்பு ஆய்வுக்கூடத்தில் அன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரில். “மான்போ-கே” என்றால் பத்தாயிரம் அடி அளவி என்று பொருள். 2019-இல் அமெரிக்காவில், சராசரி வயது 72 ஆன பெண்களிடையே நடந்த ஆய்வு வெளியாயிற்று. நாள்தோறும் ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாயிருந்தது. 7,500 அடிக்குமேல் கூடுதல் நன்மை தென்படவில்லை.

ஊரிலிருக்கும் என் தாயாருக்குச் சர்க்கரை நோய். தொலைபேசியில், “பத்தாயிரமெல்லாம் என்னால் ஆகாதப்பா, அதனால் நடப்பதையே விட்டுவிட்டேன்” என்றார்கள். வியர்வை என் தோழனை வீழ்த்தியது போலவே இந்த எண் என் தாயாரை நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தது! ஆய்வின் செய்தியைச் சொன்னேன். இப்போது தெருக்கோடிப் பிள்ளையார் கோயில்வரை காலையும் மாலையும் போய் வருகிறார்கள்.

நண்பர்களே! உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வயது வந்தோர்க்குக் கூறிய அளவு எளியது: வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு, இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. இதற்கு அங்கியும் வேண்டாம், மந்திர எண்ணும் வேண்டாம். யாரேனும் புதுச்சொல் ஒன்றைக் கூறினால், “அது எதனை அளக்கிறது?” என்று ஒரு கேள்வி கேளுங்கள்; போதும்.

என் தோழன் தமக்கையின் திருமணத்திற்குப் பழைய அளவுச் சட்டையிலேயே சென்றுவந்தான். இப்போது விடியற்காலையில், பருத்திப் பனியன் அணிந்து, தண்ணீர்ப் புட்டியுடன் ஓடுகிறான். எடை பார்ப்பது வாரம் ஒருமுறைதான். நான் சிரிப்பதை விட்டு அவனுடன் ஓடுகிறேன்.