இராவுத்தர்: ஒரு பட்டப்பெயரின் வரலாறு

ஒரு சமுதாயத்தின் வரலாறு கல்வெட்டிலும் ஏட்டிலும் மட்டும் உறைவதன்று; அது நாள்தோறும் வழங்கும் பெயர்களிலும் உறைவதாகும். மதுரை, திண்டுக்கல், தேனி, பாலக்காடு முதலிய பகுதிகளில் வாழும் தமிழ் முஸ்லிம்கள் பலர் வழிவழியாகத் தாங்கிவரும் 'இராவுத்தர்' என்னும் பட்டம் இதற்குத் தக்க சான்று.

"ஐயா, இஃது அரபுச் சொல்லா? சான்றிதழில் இதனை விட்டுவிடலாமா?" என மாணவர் ஒருவர் வகுப்பில் வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

சொல்லமைப்பு

வடமொழியின் 'ராஜபுத்ர' என்னும் சொல் பிராகிருதத்தில் 'ராஉத்த' எனத் திரிந்தது. இடைநின்ற ஜகரமும் பகரமும் தேய்ந்தன. 'த்ர' என்பது 'த்த' ஆயிற்று. தமிழுக்கு வந்தபோது ஆகாரத்தை அடுத்து வகர உடம்படுமெய் தோன்றிற்று. ரகரம் மொழிக்கு முதலாகாது என்னும் மரபால் இகரம் முன்வந்தது. 'இராவுத்தன்' உயர்வு கருதி 'இராவுத்தர்' ஆனான். வடநாட்டு 'ராவத்', மராத்திய 'ராவுத்' ஆகிய குடிப்பெயர்களும் இதன் கிளைகளே.

பொருள் மாற்றம்

'அரசமகன்' என்ற முதற்பொருள், குதிரை ஊர்ந்து போர்செய்யும் வீரனைக் குறிப்பதாயிற்று. கன்னடத்தில் 'ராவுத' என்பதற்கும் குதிரைவீரன் என்பதே பொருள். 15ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர், கந்தரலங்காரத்தில் மயிலேறும் முருகனை 'இராவுத்தன்' என்றே விளிக்கின்றார். மயிலைப் பரியாகக் கண்ட புலமை அது. செஞ்சி வட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களிலோ 'முத்தால ராவுத்தர்' என்னும் முஸ்லிம் வீரர் காவல் தெய்வமாக நிற்கின்றார்.

வரலாற்றுப் பின்புலம்

13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் பெருந்தொகையாகக் குதிரைகளை வாங்கியதை மார்க்கோ போலோ குறித்துள்ளார். விசயநகரத்து இரண்டாம் தேவராயர் (1424–1446) முஸ்லிம் வீரர்களைத் தம் படையில் சேர்த்தார். குதிரையோடு தொடர்புற்ற முஸ்லிம்களுக்கு இப்பட்டம் உரியதாதற்கு இச்சூழல் இடந்தந்தது. குதிரைப்படைகள் மறைந்தபின் தொழிற்பெயர் குடிப்பெயராய் நிலைத்தது.

முடிவுரை

ஆகவே இச்சொல் அரபன்று. கடல் கடந்து வந்ததுமன்று. வடமொழியில் பிறந்து, தமிழிலக்கணத்துக்கு இயைந்து, முருகனடியார் நாவிலும் முஸ்லிம் இல்லங்களிலும் ஒருங்கே வாழ்வது. சான்றிதழில் எழுதுவதும் விடுவதும் அவரவர் விருப்பம். எனினும், விடுமுன் அதன் பொருளை அறிந்துகொள்ளுதல் மாணவர் கடன்.